ஒரு டம்ளர் உறையாத பால்

மார்ச் 4

மரியாதைக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் மருமகளைப் பெற்றவள் எழுதுவது. இங்கே எல்லாரும் நின்று நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கேயும் அப்படித்தான் இருப்பீர்கள்.

முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். என் பெரியவன் மகன் கணக்காளர் பரீட்சையில் தேறிவிட்டான். மூன்றாவது தடவை என்பதை நான் யாரிடமும் சொல்வதில்லை, உங்களிடமும் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் தங்கை பல் டாக்டருக்குப் படிக்கிறாள். போன மாதம் என் கடைவாய்ப் பல்லைத் தன் கையாலேயே பிடுங்கினாள். வலிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன். நடுவிலவன் மகன் துறைமுகத்தில் பளு தூக்கும் கிரேன் ஓட்டுகிறான். ஆறு மாடி உயரத்தில் உட்கார்ந்து லாரியைப் பொம்மைபோலத் தூக்கி வைக்கிறானாம். கீழே இறங்கினால் சைக்கிள் விடப் பயம். அவன் தம்பி பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் இரண்டாவது. ஓடினது மூன்று பேர்தான், இருந்தாலும் இரண்டாவது இரண்டாவதுதான்.

இனி, நம் இருவருக்கும் பொதுவான பேத்தி. என் வீட்டுப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பேர் தராசு. பிறந்ததிலிருந்து அவள் வாய்க்குப் போகும் ஒவ்வொரு கவளமும் தராசில் ஏறி இறங்கித்தானே போகிறது. அந்தத் தராசுக் குட்டியை புது மருந்துச் சோதனைக்குத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று என் மகள் போனில் சொன்னாள். எத்தனையோ பேர் கேட்டும் சிலருக்குத்தான் கிடைத்ததாம். தெருவில் எல்லாரிடமும் அவள் பாஸ் என்றே சொல்லிவிட்டேன். அது பரீட்சை இல்லை என்று பல் டாக்டர் திருத்தினாள். இவளுக்கு என்ன தெரியும், அந்தப் பெண் தினமும் மூன்று வேளை பரீட்சை எழுதுகிறாள்.

ஆனால் அதில் கிருமியைக் கொடுக்கிறார்களாமே? கிருமியை விரட்டத்தான் டாக்டர் என்று நினைத்திருந்தேன். விவரம் எழுதுங்கள். மகளிடம் கேட்டால் "அம்மா, உனக்குப் புரியாது"ங்கிறாள். நீங்கள் முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் புரியவைத்தவர்.

போனில் பேசலாமே என்பீர்கள். போனில் நமக்குக் குரல் ஏறிவிடுகிறது. பதினாறு வருஷத்துக்கு முன்னால், குழந்தைக்குக் குறை என்று சொன்ன அன்றைக்கு, ஆஸ்பத்திரி வராந்தாவில் "எங்க பக்கத்துல யாருக்கும் இப்படி இல்ல" என்று நீங்கள் ஆரம்பித்து "எங்க பக்கத்துல மட்டும் இருக்கா" என்று நான் ஏற்றின குரல் இன்னும் இறங்கினபாடில்லை. காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

என் கூடத்துச் சுவரில், இங்கே கொண்டாடின அவளுடைய ஐந்தாவது பிறந்தநாள் போட்டோ மாட்டியிருக்கிறது. சுற்றி நிற்கிற பிள்ளைகள் எல்லாருக்கும் கன்னம் உப்பக் கேக். கேக்குக்குச் சொந்தக்காரி கையில் பலூன். தினமும் பார்க்கிறேன்.

கடைசியாக ஒன்று. நான் அங்கே வந்திருந்தபோது நீங்கள் போட்ட தயிரை இன்னும் மறக்கவில்லை. கரண்டியை வைத்தால் நீந்தும். இப்போதாவது திருந்தியிருக்கிறதா?

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் தாய்

•

மார்ச் 19

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பேரப்பிள்ளைகளின் வெற்றிகளுக்கு வாழ்த்து. மூன்றாவது தடவை என்பதைப் படிக்கவில்லை.

மருந்தைப் பற்றி எனக்கு விளங்கிய வரையில் சொல்கிறேன். பால், முட்டை, பருப்பு, இறைச்சி எல்லாவற்றிலும் புரதம் உண்டு. அந்தப் புரதத்தில் உள்ள ஒரு பொருளை நம் உடம்பு உடைத்துவிடும். நம் பேத்தியின் உடம்புக்கு அது தெரியாது. உடையாமல் இரத்தத்தில் சேர்ந்தால் மூளைக்குக் கேடு. அதனால்தான் இத்தனை வருடமும் அளந்த சோறும், மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கும் அந்தச் சத்துக் கரைசலும். இப்போது மனிதக் குடலில் சாதாரணமாக வசிக்கிற, கெடுதல் செய்யாத ஒரு நுண்ணுயிரை எடுத்து, அந்தப் பொருளை உடைக்கும் வித்தையை அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அது வயிற்றுக்குள் போய், இரத்தத்தில் சேருவதற்கு முன்பே அந்தப் பொருளைத் தின்றுவிடும். பொட்டலத்தில் பொடியாக வருகிறது. தண்ணீரில் கலக்கிச் சாப்பாட்டோடு குடிக்க வேண்டும்.

ஒரு சிக்கல் உண்டு. ஜூன் முடியும் வரை பாதிப் பேருக்கு உண்மை மருந்து, பாதிப் பேருக்குப் பார்க்க அதேபோல இருக்கும் வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது. இரத்தப் பரிசோதனை முடிவையும் அதுவரை சொல்ல மாட்டார்கள்.

அவளுக்கோ அவசரம். கப்பல் இயந்திரப் பள்ளியில் சேர வேண்டும் என்கிறாள். கப்பலுக்கு உள்ளே போய் எஞ்சினைக் கழற்றிப் பூட்டும் வேலை. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள் (உங்கள் அடுத்த கடிதத்தின் நல்ல சேதிகளுக்கு). ஆனால் விடுதியிலும் கப்பலிலும் எல்லாருக்கும் ஒரே சமையல். பொதுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளும் என்று செப்டம்பருக்குள் டாக்டர் சான்று தர வேண்டும். இல்லையென்றால் இடம் இல்லை. உண்மை மருந்து கிடைத்து, அது வேலை செய்தால் உண்டு. மாவு கிடைத்திருந்தால், பிறகு மருந்து கொடுத்து உணவைக் கூட்டுவதற்குள் செப்டம்பர் போய்விடும்.

தயிரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் வந்தபோது அவள் கைக்குழந்தை. நாலு வயதில் ஒரு நாள், தயிர்ப் பாத்திரத்தைக் கழுவப் போட்டிருந்தேன். கொல்லைப்புறம் போய்ப் பார்த்தால், அதற்குள் தலையை விட்டு நக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அவள் அழவில்லை. "கொஞ்சம்தான் பாட்டி" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பால் வருவதில்லை. முட்டையும் இல்லை. அவள் முன்னால் அவள் சாப்பிடுவதைத்தான் நாங்களும் சாப்பிடுகிறோம். உங்கள் மகளும்தான். எனவே தயிர் திருந்த வாய்ப்பு கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மருமகனின் தாய்

•

மார்ச் 27

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் தயிரைத் தொடவில்லை. பன்னிரண்டு வருஷமாக என் மகள் தயிர் இல்லாமல் சாப்பிடுகிறாள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை பாருங்கள். இங்கே வந்தால் மட்டும் சமையலறையில் நின்றபடியே ஒரு கிண்ணம் காலி பண்ணுவாள். என்ன அவசரமோ என்று நினைத்திருந்தேன்.

இனி உங்களிடம் தயிர்ப் பேச்சே எடுக்கக்கூடாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் விஷயம் தயிரிலேயே வந்து நிற்கிறது.

ஜூன் வரை மருந்தா மாவா என்று தெரியாமல் எப்படி இருப்பது? யோசித்தேன். தயிர் எப்படி ஆகிறது? உறையில் இருக்கிற கிருமி பாலைத் தின்று புளிக்கவைக்கிறது. அதைப் பல் டாக்டரும் ஒத்துக்கொண்டாள். அப்படியென்றால் உங்கள் பொட்டலத்தில் இருப்பது உயிருள்ள கிருமியாக இருந்தால், பாலைப் பார்த்ததும் சும்மா இருக்குமா? வெறும் மாவாக இருந்தால் பால் பாலாகவே கிடக்கும். உறைந்தால் மருந்து. உறையாவிட்டால் மாவு. இதற்கு எதற்கு ஜூன்?

அவள் மருந்தில் கை வைக்க வேண்டாம், அது பாவம். பொட்டலத்தைக் கொட்டின பிறகு மூலையில் கொஞ்சம் ஒட்டியிருக்கும், அது போதும். பாலைக் காய்ச்சி, விரல் வைத்தால் சுடாமலும் குளிராமலும் இருக்கும் பதத்துக்கு ஆற விடுங்கள். பொட்டலத்து ஓரத்தைக் கிழித்து, பாலை உள்ளே விட்டு அலசி, டம்ளரில் ஊற்றி, துணியால் மூடி, ஆடாத இடத்தில் வையுங்கள். மூடின பிறகு திறந்து திறந்து பார்க்கக் கூடாது. தயிர் கூச்சப்படும்.

பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம். படித்தவர்கள், கேலி பண்ணுவார்கள். நீங்களும் படித்தவர்தான், ஆனால் பாட்டியாகிவிட்டீர்கள்.

இப்படிக்கு,
மருமகளின் தாய்

•

ஏப்ரல் 20

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் யோசனை விஞ்ஞானப்படி சரியா என்று ஒரு வாரம் தயங்கினேன். பிறகு, என் வீட்டில் நானே திருடியானேன்.

பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு பால் வாங்கினேன். அடுத்த தெருக் கடையில், தெரிந்தவர்கள் யாரும் பார்க்காதபடி. காய்ச்சியது பக்கத்து வீட்டு அடுப்பில். ஆடாத இடம் என்று எழுதியிருந்தீர்கள், எங்கள் வீட்டில் ஆடாதது என் துணி அலமாரி ஒன்றுதான். போர்வைகளுக்கு நடுவே டம்ளரை வைத்தேன். மறுநாள் பார்த்தேன். பால். நீங்கள் சொன்ன பதம் தவறிவிட்டதோ என்று மறுபடி வைத்தேன். பால். மூன்றாவது தடவை மேலே கம்பளியும் போர்த்தினேன். உங்கள் பெரிய பேரன் மூன்றாவது தடவையில் தேறினான். இது தேறவில்லை.

எத்தனையோ பிள்ளைகளின் விடைத்தாளில் சுழியம் போட்டிருக்கிறேன். போட்டுவிட்டு அடுத்த தாளை எடுப்பேன். அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அலமாரிக் கதவைப் பிடித்து நின்றேன். வெறும் மாவுதான், சம்பந்தியம்மா. இந்தப் பெண் தினமும் மூன்று வேளை நம்பிக்கையோடு மாவைக் கலக்கிக் குடிக்கிறாள். குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுகிறாள். கப்பல் படங்களைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

மகனிடம் சொல்லி இந்தச் சோதனையிலிருந்து அவளை விலக்கிவிடலாம் என்று இருக்கிறேன். வேறு ஆஸ்பத்திரியில் வேறு வழி ஏதாவது உண்டா என்று பார்க்கலாம். காத்திருந்து ஏமாறுவதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. அடுத்த மாதம் பத்தாம் தேதி டாக்டரைப் பார்க்கும் நாள். அன்றைக்குச் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
மருமகனின் தாய்

•

ஏப்ரல் 28

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் என்ன என்று கேட்டார்கள். பல் வலி என்றேன். பல் டாக்டர் ஓடி வந்துவிட்டாள். பல் பிடுங்கின இடத்தில் பல் எப்படி வலிக்கும் என்று கேட்கிறாள்.

என் கண்ணுக்கு அந்த டம்ளர்தான் தெரிகிறது. ஆனாலும் மனசு ஒன்று சொல்கிறது. உங்கள் கடிதத்தோடு அதே நாளில் தராசுக் குட்டியின் கடிதமும் வந்தது. அவள் எனக்கு எழுதுவது உங்களுக்குத் தெரியும். எப்போதும் அரைப் பக்கம். நாலு வரி நேராகப் போகும், அப்புறம் எழுத்து சரிந்து, "மீதி அப்புறம் பாட்டி, தலை மந்தமா இருக்கு" என்று முடியும். இந்தத் தடவை நாலு பக்கம். எஞ்சினுக்குள் எண்ணெய் எந்த வழியாகப் போய் எந்த வழியாக வருகிறது என்று படம் போட்டு எழுதியிருக்கிறாள். நடுவில் உங்களைப் பற்றி ஒரு பக்கம் புகார். அலமாரியில் இருந்து ஒரு வாடை வருகிறதாம், நீங்கள் அந்தப் பக்கமே அவளை விடுவதில்லையாம். கடைசி வரி வரைக்கும் எழுத்து சரியவே இல்லை.

இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை ஒரு அர்த்தமும் இல்லையோ என்னவோ. டம்ளர் ஒன்று சொல்கிறது, காகிதம் ஒன்று சொல்கிறது. நான் டம்ளரை நம்புகிறவள். நீங்கள் காகிதத்தைத் திருத்தினவர். அந்த நாலு பக்கத்தையும் இதோடு வைத்திருக்கிறேன், பாருங்கள். அந்தப் புகாரைப் படித்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

விலக்குவதாக இருந்தாலும் டாக்டரிடம் சும்மா சொல்லிவிட்டு வராதீர்கள். டம்ளரைக் கையோடு எடுத்துப் போய் மேசைமேல் வைத்து, ஏன் உறையவில்லை என்று கேளுங்கள். யோசனை சொன்னது யார் என்று கேட்டால் என்னைச் சொல்லுங்கள். எனக்கு அங்கே மானம் போக ஒன்றும் இல்லை, நான் இங்கே இருக்கிறேன்.

இப்படிக்கு,
மருமகளின் தாய்

•

மே 11

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

போனேன். டம்ளரோடு போனேன்.

அந்த டாக்டர் சின்னப் பெண். உங்கள் பல் டாக்டரைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். மேசைமேல் டம்ளரை வைத்துத் துணியை எடுத்தேன்.

"இது என்னம்மா?"

"நீங்கதான் சொல்லணும். இது தயிரா, பாலா?"

மூக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். "கெட்டுப்போன பால்."

"உங்க பொட்டலத்த உறையா ஊத்தினேன். மூணு தடவ. உறையல. அப்ப என் பேத்திக்கு நீங்க குடுக்குறது வெறும் மாவுதானே?"

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது. நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். "பாட்டி, அது அசலா இருந்தாலும் உறையாது. மாவா இருந்தாலும் உறையாது. உங்க டம்ளருக்கு வித்தியாசம் தெரியாது."

"உயிருள்ள கிருமின்னீங்களே?"

"உயிர் இருக்கு. ஆனா தனியா வாழத் தெரியாது. அது உடம்புக்குச் சுவர் கட்டிக்க ஒரு பொருள் வேணும். அதத் தானே செஞ்சுக்கற வழிய நாங்க எடுத்துட்டோம். ஆய்வுக்கூடத்துல நாங்க ஊட்டி வளக்குறோம். வெளிய வந்தா, வந்த வேலைய மட்டும் செய்யும். பெருகாது. சில நாள்ல போயிடும். அதனாலதான் வேளாவேளைக்குக் குடிக்கச் சொல்றோம்."

"அப்படி ஏன் பண்ணினீங்க? பாவம்."

"ஆத்துலயும் கொளத்துலயும் போய்ப் பெருகிட்டா என்ன செய்யறது? வேலைக்கு வரணும் பாட்டி, குடித்தனம் வெக்கக் கூடாது."

டம்ளரை மறுபடி துணியால் மூடினேன். அப்போது கதவோரத்தில் ஒரு சிரிப்பு. நம் பேத்தி. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. "டீச்சர் பாட்டி, அலமாரில பால் வெச்சா வீடே சொல்லும். தயிர்ப் பாட்டி ஐடியாதானே?" என்றாள். ஆம், உங்களுக்கு இங்கே அதுதான் பெயர்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்றேன்.

"நீங்க ரெண்டு பேரும் சேந்து ஒரு வேலை செஞ்சு நான் பாத்ததே இல்ல. கெடுக்க வேண்டாம்னு விட்டுட்டேன்."

விலக்குகிற பேச்சை நான் எடுக்கவில்லை. மருந்தா மாவா என்பது இன்னும் தெரியாது. நீங்கள் அனுப்பிய நாலு பக்கத்தையும் இரண்டு தடவை படித்தேன். எழுத்துப் பிழை ஒன்று. புகாரில் இருக்கிறது.

கிளம்பும்போது டாக்டரிடம் பதினாறு வருடக் கேள்வியையும் கேட்டுவிட்டேன். இந்தக் குறை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? இரண்டு பக்கமும் பாதிப் பாதி என்றார். ஒரு பக்கம் மட்டும் வந்தால் ஒன்றும் ஆகாதாம், தெரியவே தெரியாதாம். அப்படித்தான் தலைமுறை தலைமுறையாக ஒளிந்து வரும். என் கையை நீட்டி, என்னிடம் இருக்கிறதா பாருங்கள் என்றேன். இரத்தம் எடுத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
டீச்சர் பாட்டி

•

ஜூலை 3

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

மருந்து.

மாவு இல்லை. முதல் நாளிலிருந்து மருந்துதான். அவள் இரத்தத்தில் அந்தப் பொருள் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. டாக்டர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். ஒரு கோடு மலையிலிருந்து இறங்குவதுபோல இறங்கியது. நம் டம்ளர் பொய் சொல்லியிருக்கிறது, உங்கள் காகிதம் உண்மை சொல்லியிருக்கிறது. உங்கள் மகள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதுதான் முதல் தடவை. அதிகம் எழுத முடியவில்லை. தபால் போகும் நேரம்.

என் இரத்த முடிவும் வந்தது. என்னிடம் ஒரு பாதி இருக்கிறது. அன்றைக்கு வராந்தாவில் நான் சொன்னது தவறு.

டீச்சர் பாட்டி

•

செப்டம்பர் 14

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

பத்து வாரமாக ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு தடவையும் இரத்தம் பார்த்து, இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு முழு முட்டைக்கு வந்து சேர்ந்தோம்.

அவித்த முட்டை. எங்கள் எல்லாருக்கும் ஆளுக்கு ஒன்று. அவளுக்கு உரிக்கத் தெரியவில்லை, யார் கற்றுக்கொடுத்தார்கள்? அவள் அப்பா உரிக்கிறேன் என்று கையை நீட்டினான். தட்டிவிட்டாள். ஓட்டோடு பாதி வெள்ளையும் போய்விட்டது. பொட்டலத்தைக் கலக்கிக் குடித்தாள். உப்பைத் தொட்டு ஒரு கடி கடித்தாள். நாங்கள் மூன்று பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மென்றாள். மென்றாள். "இவ்ளோதானா?" என்றாள்.

என் மகனுக்கு முகம் விழுந்துவிட்டது. "புடிக்கலயாம்மா?"

"மஞ்சக்கரு சுண்ணாம்பு மாதிரி இருக்கு. இதுக்காகவா இத்தன வருஷம் எல்லாரும் எனக்காகப் பாவப்பட்டீங்க?" என்று சொல்லிக்கொண்டே மீதியையும் போட்டுக்கொண்டாள். பிறகு என் தட்டைப் பார்த்தாள். நான் முட்டையைத் தொடவே இல்லை. "டீச்சர் பாட்டி, அது வேணுமா உங்களுக்கு?"

இன்னொன்றுக்கு டாக்டர் உத்தரவு இல்லை, கொடுக்கவில்லை. ஆயுளில் முதன்முதலாக, அவள் கேட்டதை மறுத்துவிட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறுநாளும் ஒன்று உண்டே.

மருந்து தினமும் குடிக்க வேண்டும், கப்பலிலும்கூட. அதைக் கெடாமல் வைக்கத் தனிக் குளிர்ப்பெட்டி தருகிறார்கள். இரத்தமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் பொதுச் சாப்பாடு சாப்பிடலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அதைப் பள்ளியில் கொடுத்தோம். இடம் கொடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் முதல் தேதி சேருகிறாள். எழுபது பேரில் பெண்கள் ஐந்து பேர், ஒருத்தி நம்மவள்.

சமையலறைத் தராசை என்ன செய்வது என்று கேட்டேன். "கடுதாசிக்கு எவ்ளோ தபால்தலை ஒட்டணும்னு நிறுத்துப் பாருங்க, நீங்க ரெண்டு பேரும் எழுதறதுக்கு ஒரு தராசு வேணும்" என்கிறாள். இந்தக் கடிதம் அதில் ஏறித்தான் வருகிறது.

இனி எங்கள் வீட்டுக்குப் பால் வரும். ஆனால் எனக்குத் தயிர் போட வராது. உங்களுக்கே தெரியும்.

உங்கள்,
டீச்சர் பாட்டி

•

செப்டம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

இனி சம்பந்தியம்மா என்று எழுதக் கை வரவில்லை. வயதில் யார் மூத்தவர் என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இப்போதைக்கு நீங்கள் அக்கா.

முதலில் நல்ல சேதிகள். நம் பேத்தி முட்டை சாப்பிட்டாள். நம் பேத்தி கப்பல் பள்ளியில் சேருகிறாள். மற்ற பிள்ளைகளும் ஏதோ செய்திருக்கிறார்கள், அது அடுத்த கடிதத்துக்குக் கிடக்கட்டும்.

உங்கள் கடிதத்தைக் கூடத்தில் எல்லாரையும் உட்காரவைத்து வாசித்தேன். "இவ்ளோதானா" என்ற இடத்தில் கணக்காளன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். தூசியாம். கிரேன்காரன் துள்ளிக் குதிக்கிறான். அவள் கப்பல் அவன் துறைமுகத்துக்குள் வரும்போது தானே சரக்கை இறக்குவானாம். அவள் எஞ்சின் அறையில் இருப்பாள், இவன் ஆகாசத்தில் இருப்பான், எங்கே பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டேன். "ஹாரன் அடிப்பா பாட்டி" என்கிறான். இனி அவளைத் தராசு என்று கூப்பிடக் கூடாது என்று பல் டாக்டர் தீர்ப்புச் சொன்னாள். ஓட்டக்காரன் முட்டை என்று வைக்கலாம் என்றான், ஒரு குட்டு வாங்கினான்.

ஒரு சேதி இருக்கிறது. உங்கள் இரத்த முடிவைப் படித்த மறுவாரமே நானும் இங்கே போய்க் கையை நீட்டினேன். சீட்டு எழுதுகிற பையன், "இந்த வயசுல இது எதுக்குப் பாட்டி?" என்றான். "சம்பந்தியோட ஒரு சண்டை பாக்கி இருக்கு" என்றேன். முடிவு வருவதற்கு இவ்வளவு நாள் ஆகிவிட்டது, நேற்றுத்தான் வந்தது. என்னிடமும் ஒரு பாதி இருக்கிறது. உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது என்று தனியாகப் பெருமை அடித்துக்கொள்ள வேண்டாம். அவளுக்கு நாம் இரண்டு பேரும் கொடுத்ததுதான். சரிபாதி. அந்த வராந்தாவில் நாம் இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். குரல் இறங்கிவிட்டது அக்கா. இனி போனிலும் பேசலாம். ஆனால் எழுதுவதை நிறுத்த மாட்டேன்.

இதோடு ஒரு சின்னப் பொட்டலம் வைத்திருக்கிறேன். வெள்ளைத் துணித் துண்டு. என் உறையில் முக்கி, நிழலில் காயவைத்தது. பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டில் இதைப் போட்டு மூடி வையுங்கள். முதல் நாள் கொழகொழவென்று வரும், கோபப்பட வேண்டாம். அதையே மறுநாள் உறையாக ஊற்றினால் கெட்டியாகிவிடும். உங்கள் டாக்டர் பொட்டலத்தில் இருப்பது படித்த கிருமி, வந்த வேலையை முடித்துவிட்டுப் போய்விடும். என் துணியில் இருப்பது என்னைப்போல ஐந்தாம் வகுப்பு. வந்த இடத்தில் குடித்தனம் வைத்து, பிள்ளை குட்டி பெற்று, அங்கேயே இருக்கும். வீட்டுக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது. பேத்திக்கு எத்தனை கரண்டி என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். என் மகளுக்குக் கேட்க வேண்டாம், கிண்ணத்தோடு கொடுங்கள். உட்கார்ந்து சாப்பிடட்டும்.

அலமாரியில் மட்டும் வைக்காதீர்கள்.

சுவரில் இருந்த பிறந்தநாள் போட்டோவை இறக்கிவிட்டேன். பலூனோடு நின்றவளைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன், அவளும் நம் பிள்ளைதானே. ஆனால் ஆணி வெறுமையாக இருக்கிறது, வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். அவள் பள்ளிக்குப் புறப்படுவதற்கு முன் ஒரு வேளை எல்லாரும் மேசையில் உட்காருங்கள். எல்லார் தட்டிலும் ஒரே சாப்பாடு இருக்கட்டும். நீங்கள் அவள் பக்கத்தில் இருக்க வேண்டும். அவளைச் சிரிக்கச் சொல்ல வேண்டாம், கேமராவைப் பார்க்கச் சொல்லவும் வேண்டாம், தட்டைப் பார்த்துக்கொண்டு கன்னம் உப்ப மெல்லும்போது எடுத்துவிடுங்கள். கைப்பேசியில் அனுப்பினால் எனக்குச் சுவரில் மாட்ட வராது. காகிதத்தில் பெரிதாகப் போட்டு, உங்கள் தராசில் நிறுத்து, தபால்தலை ஒட்டி, புதுப் போட்டோ ஒன்றைத் தபாலில் அனுப்பி வையுங்கள்.

உங்கள்,
இன்னொரு பாதி